ஆள் இருக்கும் வீடு

சென்னியப்பன் மடத்துக்கு வந்தபோது காலைக் கஞ்சி ஊற்றி முடிந்திருந்தது. குரு அண்டாவைச் சாய்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்பது. மடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் குருவை அம்மா என்றே அழைப்பார்கள். சென்னியப்பனும் அப்படித்தான்.

"அம்மா, ஒரு வீடு வெலைக்கு வருதுங்க. வாங்கி வாடகைக்கு விடலாம்னு இருக்கறேன். சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்கோணும்."

"சரி."

"முப்பத்தோரு வருசம் மில்லுல நின்னேனுங்க. கால் போயிருச்சு. கைக்கு வந்தது இந்த ஒரு தொகைதான். பேங்குல போட்டா வட்டி கம்மி, ஆனா பயமில்லீங்க. வீடுன்னா வாடகையும் வரும், வெலையும் ஏறும். ஏறாமயும் போகலாம். வாங்கலாமா, வேண்டாமா?"

"வீட்டப் பாத்தீங்களா?"

"பத்திரம் பாத்தேன். முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தேன். வாஸ்துக்காரரைக் கூட்டிட்டுப் போனேன். வடக்கு வாசல்."

"உள்ள?"

சென்னியப்பன் தயங்கினார்.

"உள்ள ஆள் குடியிருக்கறாங்க. இப்பப் போக வேண்டாம்னு புரோக்கர் சொல்லிட்டார். கிரயம் ஆனதும் அவரே காலி பண்ணிக் குடுத்துருவாராம். புது ஆளுக்கு வாடகை ரெண்டாயிரம் சேத்தி விடலாமாம்."

"அப்ப எங்கிருந்து பாத்தீங்க?"

"எதுத்த டீக்கடையில இருந்துங்க. மூணு நாள் பாத்தேன்."

குரு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"எனக்குத் தாகமா இருக்குது. வாங்க, அந்த வீட்டுல போய்த் தண்ணி வாங்கிக் குடிக்கலாம்."

"தண்ணி இங்கயே இருக்குதுங்களே?"

குரு அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார்.

டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. சென்னியப்பன் கம்பியைப் பிடித்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

தார்சுக் கூரை போட்ட சின்ன வீடு. கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் கத்தரி. அவளுக்குப் பின்னால் தரை முழுக்கப் பனியன் குவியல், பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். குரு தண்ணீர் கேட்டார். அவள் இரண்டு சொம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர்கள் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வாடகைக்கு வீடு தேடி அலையறீங்களாட்ட இருக்குது. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. உள்ள வந்து உக்காருங்கண்ணா."

குரு சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"ஆனா இந்த வீட்ட மட்டும் கேட்டுறாதீங்க" என்றாள் அவள். "ஓனர் விக்கப் போறாராம். வாங்கறவன் எப்படிப்பட்டவனோ. நாங்களே எப்ப மூட்டையக் கட்டச் சொல்வாங்களோன்னு இருக்கறோம்."

"வீடு எப்படிங்க?" சென்னியப்பனின் குரல் மெல்ல வந்தது.

"வெளிய சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கறாங்க, விக்கறதுக்கு. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பவுடர் போட்ட மாதிரி. இங்க வாங்க."

அவள் பீரோவைத் தோளால் தள்ளி நகர்த்தினாள். பின்சுவர் ஆளுயரத்துக்கு ஓதம் ஏறி உதிர்ந்துகிடந்தது.

"ஐப்பசி மழைக்குச் சாக்கடைத் தண்ணி அடுப்பு வரைக்கும் வந்துரும். பங்குனியோட போர்ல தண்ணி நின்னுரும். தார்சு ஒழுகுதுன்னு ஓனர்கிட்டச் சொன்னா, புடிக்கலீன்னா காலி பண்ணுன்னார். அன்னைக்கிருந்து அவர்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. நாங்களே மேல ஷீட் விரிச்சுட்டோம்."

"அப்புறம் ஏனுங்க இங்கயே இருக்கறீங்க?"

"பதினோரு வருசமாச்சுங்கண்ணா. பையனுக்குப் பக்கத்துலயே பள்ளிக்கூடம். பத்தாவது. வாடகை ஒரு மாசம் தள்ளுனதில்ல, அஞ்சாந்தேதின்னா அஞ்சாந்தேதிதான். இப்பப் போகச் சொன்னா எங்க போறது? ஆடி பொறக்கப் போகுது. ஆடியில எவன் புதுசா ஆள் வெப்பான்?"

சென்னியப்பன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எத்தன பேரு?"

"நானும் சம்சாரமும்."

"அட, ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தன யோசனை? எங்க கம்பெனிக்குப் பின்னாடி ஒரு லைன் வீடு காலியாகுது. கையக் கால நீட்ட முடியாது, ஆனா தண்ணி வரும்." அவள் அட்டைப்பெட்டி ஒன்றின் மூலையைக் கிழித்து நம்பரை எழுதினாள். "திலகமணி சொன்னான்னு சொல்லுங்க. புரோக்கர்கிட்டப் போய் ஒரு மாச வாடகையத் தொலைச்சுறாதீங்க."

சென்னியப்பன் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

தெருமுனைச் சாக்கடைப் பாலத்தின் கட்டையில் அவர் உட்கார்ந்தார். குரு பக்கத்தில் நின்றார். புரோக்கரின் போன் வந்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"நல்லவேளைங்க அம்மா. ஓதம், ஒழுகல், தண்ணியும் இல்ல. கண்ணை மூடிட்டுக் குடுத்திருந்தா மொத்தமும் போயிருக்கும்."

குரு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா பதினோரு வருசம் அஞ்சாந்தேதி. இப்படி ஒரு ஆள் தேடுனாலும் கெடைக்காதுங்க. இந்தக் கொறைகளச் சொல்லி வெலையக் கொறைச்சுரலாம். ஆளையும் வெச்சுக்கலாம்."

கையிலிருந்த அட்டைத் துண்டை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க அம்மா. யோசிச்சு யோசிச்சு அலுத்துப் போச்சு. வாங்கலாமா, வேண்டாமா?"

"மறுபடி போய்க் கதவைத் தட்டுங்க" என்றார் குரு. "வாங்கப் போறவன் நாந்தான்னு சொல்லுங்க. சொல்லிட்டு, வீடு எப்படின்னு மறுபடி கேளுங்க."

"கேட்டா?"

"ஓனர் நீங்கதான்னு தெரிஞ்சும் அந்தச் செவுத்தக் காட்டுனாங்கன்னா, வாங்குங்க."

சென்னியப்பன் அந்தக் கதவைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.