தட்டினால் விட வேண்டும்

இது நான் பார்த்ததில்லை. எனக்குச் சொன்னவரும் பார்த்ததில்லை. அன்று அந்தக் கூடத்தின் ஓரத்தில் பெல்ட்டை மடித்துக்கொண்டிருந்த ஒருவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். கைமாறி வந்ததில் எது கூடியது, எது கழன்றது என்று எனக்குத் தெரியாது. கேட்டபடி எழுதுகிறேன்.

*

“எங்கூட யாரும் உருள வர்றதில்லைங்க கோச்.”

சொன்னவர் குணசீலன். டைல்ஸ் கடையில் விற்பனையாளர். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர் கோச் மெர்லின். குணசீலனைவிட நன்றாகவே இளையவர். குணசீலனுக்கு அவர் எங்கேயும் கோச். மெர்லினுக்குக் குணசீலன் எங்கேயும் அண்ணா.

இடம், கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி. நேரம், காலை வகுப்பு முடியும் நேரம்.

அங்கே சொல்லிக்கொடுத்தது ஜியு-ஜிட்சு. அடி கிடையாது, உதை கிடையாது. விரிப்பில் உருண்டு, பிடித்து, எதிராளியின் மூட்டையோ கழுத்தையோ மடக்க வேண்டும். மடங்கியவர் தாங்க முடியாதபோது தட்டுவார். விரிப்பில் தட்டலாம், எதிராளியின் உடம்பில் தட்டலாம். தட்டினால் விட வேண்டும்.

“எல்லாருக்கும் ஏதாவது காரணம் இருக்குது” என்றார் குணசீலன்.

இருந்தது. ஒருவருக்கு முட்டி வலி. ஒருவருக்கு விரதம். ஒருவர் குணசீலன் தன் பக்கம் வருவதைப் பார்த்ததும் ஷூ லேஸ் கட்டக் குனிந்தார். விரிப்பின் மேல் யாரும் ஷூ போடுவதில்லை.

“போட்டியில தங்கம் வாங்குனதுல இருந்துதான் இப்படி. பொறாமைங்க கோச்.”

“இருக்கலாம்ண்ணா.”

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை.

கடையில் அவரை முதலாளியும் அதட்டுவார், முதலாளியின் மருமகனும் அதட்டுவான். வீட்டில் அவர் பேச்சு எடுபடுவதில்லை. இந்தக் கூடத்தில் மட்டும்தான் நாலு பேர் அவரை நம்பித் தங்கள் கையைக் கொடுத்தார்கள், கழுத்தைக் கொடுத்தார்கள். அதுவும் போய்விடும் போலிருந்தது.

“இப்படியே போனா நான் நின்னுக்கறேங்க” என்றார்.

மெர்லின் தன் பெல்ட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

*

தங்கம் வந்த கதையைக் குணசீலன் அதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பின்னால் அவரே சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது.

புதிதாய் ஆடுபவர்களுக்கான போட்டி. அவருடைய எடைப் பிரிவில் இறுதி ஆட்டம். எதிரே நாமக்கல்காரர் ஒருவர். மெர்லின் அப்போது பக்கத்து விரிப்பில் இன்னொரு மாணவருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நாமக்கல்காரர் குணசீலனின் கையைப் பிடித்து நீட்டிவிட்டார். முழங்கை மறுபக்கம் வளையத் தொடங்கியது. குணசீலன் அந்த ஆளின் தொடையில் தட்டினார்.

நடுவர் மறுபக்கம் நின்றிருந்தார்.

நாமக்கல்காரர் உடனே விட்டார். விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து, சிரித்தபடி, குலுக்குவதற்காகக் கையை நீட்டினார்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஏன் விட்டீர்கள் என்பதுபோல் பார்த்தார்.

“தட்டிட்டாருங்க” என்றார் நாமக்கல்காரர்.

நடுவர் குணசீலனைக் கேட்டார். “தட்டுனீங்களா?”

“இல்லைங்க” என்றார் குணசீலன். “பிடிமானத்துக்குக் கைய வெச்சேன்.”

ஆட்டம் தொடரலாம் என்று நடுவர் சைகை காட்டினார். நீட்டிய கை நீட்டியபடி இருந்த ஆளைக் கீழே தள்ளி, மேலே ஏறி, புள்ளிகள் எடுத்து, நேரம் முடியும்வரை அழுத்திக்கொண்டே கிடந்தார் குணசீலன்.

முடிந்தபின் கை குலுக்கினார்கள். நாமக்கல்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று குணசீலனுக்குத் தோன்றியது.

மறுநாள் கடையில், “தங்கம் வந்தாச்சு, டீ சொல்லுங்கப்பா” என்றார்கள். முதலாளியே டீக்குச் சொன்னார். வீட்டில் பதக்கத்தை டிவிக்கு மேல் ஆணியடித்து மாட்டினார்கள். செய்தி பார்க்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. அவர் செய்தி பார்ப்பதை விட்டுவிட்டார்.

*

“வாங்கண்ணா” என்றார் மெர்லின். “நான் உருள்றேன்.”

மற்றவர்கள் ஓரத்துக்குப் போனார்கள்.

இருவரும் வழக்கம்போல் உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டித் தொடங்கினார்கள். குணசீலனால் மெர்லினை ஒருநாளும் பிடிக்க முடிந்ததில்லை. அன்று கொஞ்ச நேரத்திலேயே மெர்லினின் வலது கை தனியாக வந்தது. மெர்லினாகவே கொடுத்த கைதான். குணசீலனுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் பிடித்தார். மார்போடு அணைத்து, கால்களை மேலே போட்டு, இடுப்பைத் தூக்கினார்.

மெர்லின் இடது கையால் அவருடைய தொடையில் தட்டினார்.

குணசீலன் விடவில்லை.

தட்டியது தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. அவர் மெர்லினின் முகத்தைப் பார்த்தார். வலிக்கிறதா என்று பார்த்தார். ஓரத்தில் நின்றவர்கள் பார்த்தார்களா என்று பார்த்தார்.

அதற்குள் சொடக்கு எடுத்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

மெர்லின் இரண்டாவது முறை தட்டினார். இந்த முறை விரிப்பில். கூடம் முழுக்கக் கேட்டது.

குணசீலன் விட்டார்.

யாரோ ஐஸ் எடுக்க ஓடினார். மெர்லின் எழுந்து உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. குணசீலன் மண்டியிட்டு, மன்னித்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மெர்லின் அது முடியும்வரை காத்திருந்தார்.

“தொடையில தட்டுனேனே. தெரிஞ்சுதாண்ணா?”

“தெரிஞ்சுதுங்க.”

“ஏன் விடலை?”

ஓரத்தில் நின்றவர்களில் முட்டி வலிக்காரர் தன் தோளைத் தடவிக்கொண்டார். விரதக்காரர் தரையைப் பார்த்தார். இதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்காமல் வைத்திருந்தார்கள் என்பது குணசீலனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பதில் அவரிடம் இருந்தது. போட்டி முடிந்த நாளிலிருந்தே அது கைகளில் இருந்திருக்கிறது. வாய்க்கு இப்போதுதான் வந்தது.

“விட்டதுக்கப்புறம், தட்டவே இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா…”

பேச்சு அங்கேயே நின்றது.

மெர்லின் அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை என்கிறார்கள். நிஜமாகவே தெரியாதவர் கேட்பதுபோல்தான் கேட்டாராம்.

“அப்படி யாருண்ணா சொன்னாங்க?”

*

அந்தச் சொடக்குச் சத்தம் மட்டும் இடையில் யாரோ சேர்த்த கைச்சரக்கு என்று நினைத்திருந்தேன். கதைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியதால் வந்த சந்தேகம்.

போன மாதம் அந்த மாடிக்குப் போனேன். புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு மெர்லின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். வலது கை முழுதாக நீளவில்லை.