ஆறாவது துப்பாக்கி

துப்பாக்கி சுடும் கிளப்பில், சுடும்போது விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரியாகப் பயிற்சி எடுக்க வந்திருந்தார் வேலப்பன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பயிற்சி தந்தவள் பெனாசிர். அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள்.

தேர்வில் அவர் ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி. தேர்ச்சி பெற்ற அதிகாரி இல்லையென்றால் போட்டி கிடையாது. பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அன்று மூன்றாவது தேர்வு. ஆறு பேர் வரிசையாகப் படுத்துச் சுட்டார்கள்.

"நிறுத்து!" என்று கத்தினார் வேலப்பன். குரலில் குறை சொல்ல முடியாது.

பிறகு ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து, துப்பாக்கி காலியா என்று பார்த்தார். நான்காம் இடத்தில் கிளப் தலைவர். தலையைத் தூக்காமலே, "காலிதாம்ப்பா" என்றார் அவர். வேலப்பன் கும்பிடாத குறையாகத் தலையாட்டிவிட்டு ஐந்தாம் இடத்துக்கு நகர்ந்தார்.

"போதும் சார். தேறல," என்றாள் பெனாசிர்.

"ஏம்மா?"

"நாலாவதைப் பார்க்கல."

"அவர்தான் சொன்னாரே!"

"எல்லாரும்தான் சொல்வாங்க."

"முப்பது வருஷமா சுடறவர்மா. இந்தக் கூரையே அவர் போட்டது. நான் போய் எட்டிப் பார்த்தா என்ன அர்த்தம்? அவரைச் சந்தேகப்படறேன்னுதானே?"

பெனாசிர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "போன தடவை செயலாளருக்காக இதையே சொன்னீங்க."

"செயலாளர் வேற, தலைவர் வேற!"

"இன்னொரு சுற்று. இதுதான் கடைசி."

ஆறாம் இடத்தில் இருந்தவரை எழுப்பிவிட்டு அவளே அங்கே படுத்தாள்.

சுட்டு முடிந்தது. நிறுத்தச் சொன்ன கையோடு வேலப்பன் வரிசையில் வந்தார். நான்காம் இடத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, மன்னிக்கணும். கொஞ்சம் திறந்து காட்டுங்க."

"என்னய்யா இது, பத்திரத்துல வில்லங்கம் பார்க்கிற மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். வேலப்பன் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். காலி. நிமிர்ந்தபோது முகமெல்லாம் வியர்வை. ஐந்தாவதும் காலி. ஆறாம் இடத்துக்கு வந்ததும், நான் செய்தது எப்படி என்பதுபோல் பெனாசிரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். திரும்பி நின்று, "எல்லாரும் முன்னால போய் இலக்கு அட்டையை எடுத்துக்கலாம்!" என்றார்.

"யாரும் நகராதீங்க!"

பெனாசிர் படுத்தபடியே தன் துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னால் இழுத்தாள். வெடிக்காத டம்மித் தோட்டா ஒன்று உள்ளேயிருந்து துள்ளி, வேலப்பனின் காலருகே விழுந்தது.

தலைவர் அதைப் பார்த்தார். "அப்போ ஞாயித்துக்கிழமை?"

"எல்லாருக்கும் தகவல் சொல்லிடுங்க சார். போட்டி இல்ல."

"அநியாயம்மா இது!" வேலப்பனின் குரல் உடைந்தது. "தலைவரையே பார்த்துட்டேன். எனக்குச் சொல்லித் தர்ற உங்களைப் போய் எப்படிப் பார்க்கிறது? உங்களையும் நம்பக் கூடாதுன்னா நான் யாரைத்தான் நம்பறது?"

"என்னை நம்புங்க சார்," என்றாள் பெனாசிர். "குனிஞ்சு பார்த்துக்கிட்டே நம்புங்க."