காலியாக விட்ட பாலம்

கால்வாயை ஒட்டிய ஒரு காலனியில் ஒரு சுண்ணாம்பு மட்டை இருந்தது. பனைநாரைக் கற்றையாகச் சேர்த்து, கழியின் நுனியில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய மட்டை. அந்தக் காலனியில் அது வெள்ளையடிக்காத சுவர் இல்லை. ஆனால் அது அடித்த சுவரை நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. வெள்ளைச் சுவரில் பார்க்க என்ன இருக்கிறது?

மட்டைக்கு இது நெடுநாளாக உறுத்தியது. வெளியே சொல்லவில்லை.

வெள்ளையடிக்கும் கன்னியப்பன் தன் மட்டையையும் வாளியையும் இளைஞர் மன்றத்தின் பின்னறையில் வைப்பது வழக்கம். ஒரு கோடையில் அதே அறைக்கு ஒரு டப்பா நிறையச் சின்னத் தூரிகைகள் வந்து சேர்ந்தன. காலனிப் பிள்ளைகள் கால்வாய்க்கரைச் சுவரில் படம் வரையப் போகிறார்களாம்.

"பெரியவரே, வணக்கம்!" என்றது மெல்லிய தூரிகை ஒன்று.

"நீ சுவருக்கா வந்திருக்கே? உன்னை வச்சுக் கொசுவுக்குத்தான் மை தீட்டலாம்," என்றது மட்டை.

தூரிகைகள் சிரித்தன. மட்டை சிரிக்கவில்லை.

காலனி இந்தக் கரையில், பள்ளிக்கூடம் அந்தக் கரையில். நடுவே கறுத்த சாக்கடைத் தண்ணீர். பிள்ளைகள் குடிநீர்க் குழாயின் மேல் கால் வைத்துத்தான் அக்கரைக்குப் போவார்கள். போன மழைக்கு ஒரு சிறுமி வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. அதனால்தான் இந்தப் படம்.

வீடு வீடாகப் போய், கதவுக்கு அடித்து மிச்சம் கிடந்த எண்ணெய் பெயிண்ட்டைக் கேட்டு வாங்கினார்கள். கறுப்பு, தண்ணீருக்கு. நீலமும் பச்சையும், பிள்ளைகளின் உடுப்புக்கும் கரைக்கும். நடுவில், பிள்ளைகளில் ஒருத்தியான நிலோஃபர் சாக்பீஸால் ஒரு பாலத்தின் உருவைக் கோடிழுத்தாள்.

"இதுக்கு என்ன கலர்?" என்றான் கூட வரைந்துகொண்டிருந்த இமயவன்.

"ஒண்ணும் வேணாம். காலியா விடு."

"ஏன், பெயிண்ட் தீந்துருச்சா?"

"இங்க பாலம் இருக்கா?"

"இல்ல."

"இல்லாததுக்கு என்ன கலர் அடிப்ப? சிமெண்ட்டு அப்படியே தெரியட்டும். நிசமா கட்டினப்புறம் அடிச்சுக்கலாம்."

படம் முடிந்தது. போகிறவர்கள் நின்றார்கள். ஆட்டோக்கள் நின்றன. மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். சாயங்காலம் டப்பாவுக்குத் திரும்பிய தூரிகைகளுக்கு வாய் ஓயவில்லை.

"அந்தக் கிழவர் அழுதார் பார்த்தியா?"

"நான் வரைஞ்ச சின்னப் பொண்ணைப் பார்த்துத்தான் அழுதார்."

மூலையில் சாய்ந்திருந்த மட்டையின் நார் ஒவ்வொன்றும் எரிந்தது. நான் இதுவரை அடித்த வெள்ளையை விரித்தால் இந்த ஊரையே மூடலாம். எனக்காக யார் ஒரு நிமிஷம் நின்றார்கள்?

தேர்தல் நெருங்கியது. சுவர்களைப் பிடித்து வைக்கும் காலம். கட்சிக்காரர் குலசேகர் கன்னியப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"கால்வாய்ச் சுவர் நமக்குப்பா. இன்னைக்கே வெள்ளையடி. நாளைக்குக் காலையில பேர் எழுத ஆள் வருது."

"அதுல பசங்க படம் இருக்கேண்ணே."

"பசங்க வேற இடத்துல வரையட்டும்."

"எண்ணெய் பெயிண்ட்டு மேல சுண்ணாம்பு பிடிக்காது. பசை காய்ச்சிக் கலக்கணும்..."

"காய்ச்சுறதுக்கெல்லாம் நேரமில்ல. அடி."

மட்டைக்கும் அந்த விஷயம் தெரியும். ஆனால் பசை காய்ச்சும்வரை பொறுக்க அதனால் முடியவில்லை. பசை எதற்கு, நான் இருக்கிறேன் என்று வாளிக்குள் பாய்ந்தது.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்கண்ணே," என்று இமயவன் கேட்டான். கன்னியப்பன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் கூலிக்காரன்ப்பா," என்றார். நிலோஃபர் கடைசிப் பிள்ளையின் முகம் மறையும்வரை நின்றுவிட்டுப் போனாள்.

மத்தியான வெயிலில் சுவர் பளிச்சென்று காய்ந்தது. ஒரு புள்ளி நிறம் இல்லை. மட்டை காத்திருந்தது. இப்போதாவது பார்ப்பார்கள்.

யாரும் நிற்கவில்லை. ஆட்டோக்கள் போயின. மீன்காரம்மா கூடையை இறக்காமலே நடந்தாள்.

சாயங்காலம் மழை பெய்தது. எண்ணெய் பெயிண்ட்டின் மேல் ஒட்டாமல் நின்ற சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உரிந்து வழிந்தது. படத்தில் இருந்த கறுத்த தண்ணீர் வெளியே வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் வெள்ளை போகவில்லை. காலியாக விட்டிருந்த வெறும் சிமெண்ட்டில் சுண்ணாம்பு ஊறிப் பிடித்திருந்தது.

கறுப்புத் தண்ணீருக்கு மேலே, கரைக்குக் கரை, ஒரு வெள்ளைப் பாலம் நின்றது.

"அடியே, வந்து பாருங்கடி! பாலம் வந்துருச்சு!" என்று மீன்காரம்மா கத்தினாள். குடையோடும் குடையில்லாமலும் கூட்டம் சேர்ந்தது. நிலோஃபர் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கன்னியப்பனிடம் திரும்பினாள்.

"இது எதுலண்ணே அடிச்சது?"

அவர் கூச்சத்தோடு மட்டையைத் தூக்கிக் காட்டினார். அவள் அதன் ஈர நாரை ஒருமுறை தடவினாள். "நல்லா அடிச்சிருக்கு," என்றாள்.

மட்டை அன்று டப்பாப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை குலசேகர் வந்தார். முகம் சிவந்திருந்தது. "பசையே போட்டுத் தொலை! இன்னொரு பூச்சு!"

பசை கொதித்தது. சுண்ணாம்பு கலந்தது. கன்னியப்பன் மட்டையை முக்கி எடுத்துச் சுவரை நோக்கி ஓங்கினார். மட்டை சுவரைப் பார்த்தது. பாலத்துக்கு எதிரே இன்னும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அது தன் கயிற்றை நழுவவிட்டது. கற்றை அவிழ்ந்து நார் அத்தனையும் வாளிக்குள் விழுந்தது.

"கட்டு விட்டுப்போச்சுண்ணே," என்றார் கன்னியப்பன், வெறுங்கழியைக் காட்டி.

"வேற மட்டை?"

"புதுசா நார் தட்டிக் கட்டணும். ஒரு வாரம் ஆகும்."

குலசேகர் வேறு ஆளைத் தேடித் திரும்பினார். கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சில கைகளில் செல்போன் உயர்ந்திருந்தது. "சரி, சரி. பக்கத்துத் தெருச் சுவரைப் பாரு," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

பின்னறை மூலையில் கழி மட்டும் சாய்ந்து நின்றது. டப்பாவிலிருந்து மெல்லிய தூரிகை தயங்கித் தயங்கிக் கேட்டது:

"பெரியவரே, எங்க படத்துக்காகவா அப்படிப் பண்ணீங்க?"

"உங்க படமா?" என்றது கழி. "அது என் பாலம். அதுமேல எவனையும் கை வைக்க விடுவேனா?"