செவலையும் சக்கர வாரும்

ஒரு காட்டில் ஒரு குதிரை வண்டி இருந்தது. காட்டுக்குள் ஏது வண்டி என்று கேட்காதீர்கள் பிள்ளைகளே. கதைக்கு வேண்டுமென்றால் காட்டுக்குள் கப்பலே வரும், வண்டி வராதா?

வண்டி கரடியுடையது. அதை இழுத்தது செவலை என்ற குதிரை. வாரம் ஒருநாள் மடுக்கரையில் சந்தை கூடும். அன்றைக்கு நீர்நாயின் கருவாட்டுக் கூடையும், முயலின் வள்ளிக்கிழங்கு மூட்டையும், கௌதாரியின் தினைச் சாக்கும் வண்டியில் ஏறும். ஆமையம்மாவும் ஏறுவாள். அவளுக்குச் சந்தையில் வேலை ஒன்றும் கிடையாது. நடந்து போனால் சந்தை முடிந்துவிடும் என்பதால் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

செவலையைப் போல ஓட அந்தக் காட்டில் ஆள் இல்லை. கழுத்து மணி குலுங்கக் குலுங்க அது போகும்போது, முயல் குட்டிகள் பாதையோரம் நின்று, "செவலை வருது! செவலை வருது!" என்று குதிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் செவலைக்குப் புல்லே வேண்டாம், வயிறு நிறைந்துவிடும்.

ஆனால் நிற்கத்தான் அதற்கு வராது.

நின்றால் பயம் வந்துவிடும். தேக்கிலை ஒன்று உதிர்ந்தால் மிரளும். தன் நிழல் நீண்டால் மிரளும். ஒருமுறை தானே தும்மி, அந்தச் சத்தத்துக்குத் தானே மிரண்டு, நாலு மேடு தாண்டி ஓடியது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கரடிக்கோ வழிநெடுகத் தேன்மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் வண்டியை நிறுத்தி, "செவலை, இங்கேயே நில்லு. இதோ வந்துட்டேன்" என்று மேலே ஏறும். தேனடையில் கை வைக்கும் நேரத்துக்குக் கீழே மணிச்சத்தம் தடதடவென்று கேட்கும். குனிந்து பார்த்தால் புழுதிதான் இருக்கும். வண்டி இருக்காது.

இதில் நரிக்கு மட்டும் நல்ல காலம். வண்டிக்குப் பின்னாலேயே வரும். குதிரை மிரண்டு ஓட, மேடு பள்ளத்தில் கூடை சரிய, விழுந்ததெல்லாம் நரிக்கு. அந்த வருஷம் நரி உழைக்காமலே கொழுத்துப்போயிருந்தது.

போன சந்தைக்கு என்ன ஆயிற்று தெரியுமா? செவலை மிரண்ட மிரட்சியில் வண்டி ஓடைக்குள் சாய்ந்தது. தினை பாதி தண்ணீரோடு போயிற்று. ஆமையம்மா மல்லாந்து கிடந்து, உச்சிப்பொழுது வரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எல்லாரும் கரடி வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

"இனிமே இந்தக் குதிரை இழுத்தா எங்க சரக்கு ஏறாது, சொல்லிட்டோம்" என்றது நீர்நாய்.

"எருமையைப் பூட்டுங்க கரடியண்ணே. அது மிரளாது" என்றது முயல்.

"மிரளாதுதான். ஆனா இன்னைக்குக் கிளம்பினா அடுத்த சந்தைக்குப் போய்ச் சேரும்" என்றாள் ஆமையம்மா. ஆமையே இப்படிச் சொன்னால் எருமை எப்படிப்பட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கரடி தலையைச் சொறிந்தது. "இன்னும் ஒரே ஒரு சந்தை பார்ப்போம். அன்னைக்கும் செவலை ஓடினா, மறுநாளே எருமையைப் பூட்டிடறேன்."

தொழுவத்தில் நின்ற செவலைக்கு எல்லாம் கேட்டது. கழுத்து மணியை அவிழ்த்து எருமையின் கழுத்தில் கட்டுவார்களோ? முயல் குட்டிகள், "எருமை வருது! எருமை வருது!" என்று குதிக்குமோ? அன்று அது புல்லைத் தொடவில்லை.

கரடி முதலில் ஒரு பெரிய கல்லைக் கொண்டுவந்து கடிவாளத்தோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தது. ஓர் அணில் குறுக்கே ஓடியதுதான் தாமதம், செவலை பிய்த்துக்கொண்டு ஓடியது. கல் பின்னால் தடக்கு தடக்கு என்று உருண்டது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து இன்னும் வேகமாக ஓடியது.

அடுத்து கரடி அதை ஒரு இளம் வேப்பமரத்தில் கட்டியது. செவலை இழுத்த இழுப்பில் மரம் வேரோடு வந்துவிட்டது.

"ஐயையோ, மரம் துரத்துது! மரம் துரத்துது!" என்று செவலை காட்டை மூன்று சுற்றுச் சுற்றியது.

கடைசியில் கரடி முள்ளம்பன்றியிடம் போயிற்று. முள்ளம்பன்றி அக்கா கற்றாழை நாரில் வார் தைப்பவள். ஊசிக்கு எங்கும் போகவேண்டாம், முதுகிலேயே இருக்கிறது. ஆனால் வாய்தான் ஊசியைவிடக் கூர்மை.

"வார் அறுந்துபோச்சா அண்ணே, இல்ல புத்தி அறுந்துபோச்சா? மரத்தில போய்க் கட்டியிருக்கீங்களே!" என்று கேட்டுக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "குதிரை ஓடினா கூடவே எது ஓடும்?"

"நான்தான் ஓடணும், பிடிக்க" என்றது கரடி.

"அட, சக்கரம் ஓடும்ல! அப்போ பிடிக்கிற வேலையைச் சக்கரத்துக்கிட்டயே விட்டுடுங்க."

பிள்ளைகளே, சக்கரத்துக்கு நடுவில் ஆரக்கால் எல்லாம் வந்து கூடுகிற உருண்டைக் கட்டை இருக்கிறதல்லவா, அதற்குக் குடம் என்று பெயர். முள்ளம்பன்றி அந்தக் குடத்தில் ஒரு முளை அடித்தாள். நீளமாக ஒரு வார் தைத்து, இரண்டு நுனியிலும் கண்ணி போட்டாள். ஒரு கண்ணியைச் செவலையின் கடிவாளத்தில் மாட்டினாள். மற்றொன்றைக் குடத்து முளையில்.

"வண்டி போறப்போ முளையிலேருந்து கழட்டிடுங்க. மரம் ஏறப் போறப்போ மாட்டிடுங்க. அவ்வளவுதான்."

செவலைக்கு முகம் சுண்டிப்போயிற்று. "திருடனைக் கட்டுற மாதிரி என்னைக் கட்டிப்போடுறீங்களா அக்கா?"

"உன்னை யாரு கட்டினா? நீ நின்னா அது சும்மா தொங்கும். நீ ஓடினா சக்கரம் சுத்தும், சக்கரம் சுத்தினா வார் குடத்தில சுத்திக்கும், உன் மூஞ்சியைப் பின்னால இழுக்கும். ஒரு எட்டு பின்னால வச்சா தானா தளரும். இழுக்கிறதும் நீதான், விடுறதும் நீதான். இதில எனக்கென்ன, கரடியண்ணனுக்கென்ன?"

செவலை வாரை ஒருமுறை முகர்ந்து பார்த்தது.

சந்தை நாள் வந்தது. கருவாடு, கிழங்கு, மிச்சத் தினை எல்லாம் ஏறின. ஆமையம்மாவும் ஏறி, "ஏம்ப்பா செவலை, இன்னைக்காவது என்னை நிமிர்ந்த மேனிக்கு இறக்கி விடுவியா?" என்று கேட்டாள்.

முதல் தேன்மரம் ஒரு பெரிய நீர்மருது. கரடி இறங்கி, வாரின் கண்ணியை முளையில் மாட்டி, "இங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மரத்தில் ஏறியது.

செவலை நின்றது. நாலு காலையும் மண்ணில் நட்டமாதிரி நின்றது.

கொஞ்ச நேரம்தான். பின்னால் புதரில் ஏதோ சடசட சடசடவென்று அடித்தது. "உர்ர்ர்! புலி! புலி!" என்று ஒரு கத்தல்.

அவ்வளவுதான், நட்ட கால் பிடுங்கிக்கொண்டது. செவலை பாய்ந்தது.

சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. கடிவாளம் வாயைப் பின்னால் இழுத்தது. இன்னும் ஒரு சுற்று. முகவாய் மார்பில் வந்து முட்டியது. இனி ஓடினால் வாய்தான் கிழியும். செவலை நின்றுவிட்டது. முள்ளம்பன்றி சொன்னது நினைவு வர, ஒரு எட்டு பின்னால் வைத்தது. வார் தளர்ந்தது.

"நின்னுட்டியாப்பா?" என்றாள் ஆமையம்மா, நம்பாமல்.

முகம் விடுபட்டதும் செவலை மெல்லத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அது திரும்பிப் பார்த்ததே இல்லை. ஓடுகிறவனுக்குத் துரத்துவது எது என்று எப்படித் தெரியும்?

புதரருகே நரி நின்றிருந்தது. அதன் வாயில் ஒரு காய்ந்த பனையோலை.

செவலை நரியைப் பார்த்தது. நரி செவலையைப் பார்த்தது. பனையோலை கீழே விழுந்தது.

"சும்மா ஒரு விளையாட்டுக்கு மாப்பிள்ளே!" என்று நரி பல்லைக் காட்டியது.

"இத்தனை நாளும் விளையாட்டுதானா மாமா?"

நரி அதைக் காதில் வாங்காமல் கிட்டே வந்தது. கருவாட்டு வாசம் மூக்கைத் துளைத்தது. மேலே பார்த்தது, கரடி உச்சிக் கிளையில் இருந்தது. 'கூடை விழும் விழும் என்று எதற்குக் காத்திருப்பானேன்? வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விட்டால்?' என்று அதற்குத் தோன்றியது.

"பாவம் மாப்பிள்ளே நீ! ராஜா மாதிரி குதிரையை நார்க் கயித்தில கட்டிப்போட்டுட்டாங்களே. பாக்கவே வயிறு எரியுது. நான் அவுத்து விடுறேன். என் குகைப் பக்கம் வா, அருகம்புல் இடுப்பளவு வளந்து கிடக்கு."

செவலைக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனால் நின்றுவிட்டால் யோசிக்க முடியும் என்பதை அது அப்போதுதான் கண்டுபிடித்திருந்தது.

"அவுத்து அப்படியே விட்டுடாதீங்க மாமா. வாரை யாராவது பிடிச்சிருக்கணும், இல்லாட்டி நான் மிரண்டு ஓடிடுவேன். அப்புறம் நீங்க எங்க, நான் எங்க?"

"நான் பிடிச்சுக்கறேன்."

"கையில பிடிச்சா நழுவிடும் மாமா. இந்தக் கண்ணியைக் கழட்டி இடுப்பில மாட்டிக்கிட்டு முன்னால நடந்தா, நான் பின்னாலயே பூனை மாதிரி வருவேன்."

நரி கடிவாளத்தில் இருந்த கண்ணியைக் கழற்றியது. தன் இடுப்பில் மாட்டி, இறுக்கி, இரண்டு முடிச்சும் போட்டுக்கொண்டது. வாரின் மறுநுனி எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டாமா? பார்க்கவில்லை. அதன் கண் கூடையில் இருந்ததே தவிர, சக்கரத்தில் இல்லை.

வண்டிக்குள் இருந்து ஆமையம்மா, "செவலை, என்னப்பா பண்ற?" என்றாள்.

"போலாமா மாமா?" என்றது செவலை.

"வா வா!" என்றது நரி.

செவலை மெதுவாக ஒரு அடி வைத்தது. சக்கரம் சுற்றியது. நரியை யாரோ இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தமாதிரி இருந்தது.

"ஏன்டா இழுக்கிறே?"

"நான் எங்க இழுத்தேன்? நான் முன்னாலதானே வர்றேன்!"

நரி பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் இழுத்தது. செவலை இன்னும் இரண்டு அடி வைத்தது. நரி முன்னால் நடக்க நடக்கப் பின்னால் போயிற்று! செவலையின் முன்னங்கால் தாண்டி, வயிறு தாண்டி, பின்னங்கால் தாண்டி, கடைசியில் வால் ஒரு பக்கம் தலை ஒரு பக்கமாகச் சக்கரக் குடத்தோடு போய் ஒட்டிக்கொண்டது.

"நிறுத்து! நிறுத்துடா! செத்தேன்!"

செவலை அந்தக் கணமே நின்றது. இப்போது அதன் கடிவாளத்தில் எந்த வாரும் இல்லை. பிடித்து நிறுத்த ஒருவரும் இல்லை. இருந்தாலும் நின்றது.

"நிறுத்திட்டேன் மாமா."

"ஒரு எட்டு பின்னால வைடா, கட்டு தளரட்டும்! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"வைக்கலாம்தான். ஆனா கரடியண்ணன் இங்கேயே நிக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரே. சொன்ன பேச்சைத் தட்டலாமா மாமா?"

வண்டிக்குள் ஆமையம்மா சிரித்த சிரிப்பில் கிழங்கு மூட்டை குலுங்கியது.

கரடி தேன்குடத்தோடு இறங்கி வந்தது. ஓடப் போவதற்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. வண்டி அங்கேயே இருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தது. அப்போதும் இருந்தது. அப்புறம்தான் சக்கரத்தைப் பார்த்தது.

"என்ன நரியாரே, சக்கர அச்சுக்கு மையா போடுறீங்க?"

"அண்ணே, அவுத்து விடுங்கண்ணே!"

"இனி என் வண்டிப் பின்னால வருவியா?"

"வண்டிப் பாதைப் பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன்!"

கரடி தலையாட்டியது. செவலை பின்னால் எட்டு வைத்தது. வார் சுற்றுச் சுற்றாகப் பிரிந்தது. நரி முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, நேராக ஓடுவதாக நினைத்து வட்டவட்டமாக ஓடிப் புதருக்குள் விழுந்தது.

அன்றைக்குச் சந்தைக்கு ஒரு தினைகூடச் சிந்தாமல் போய்ச் சேர்ந்தார்கள். ஆமையம்மாவை நிமிர்ந்த மேனிக்கே இறக்கிவிட்டார்கள். பாதையோரம் முயல் குட்டிகள், "செவலை வருது! செவலை நிக்குது! செவலை வருது! செவலை நிக்குது!" என்று இரட்டைக் குதி குதித்தன.

எருமையிடம் போய், "நீ வண்டி இழுக்க வேண்டாமாம்" என்று யாரோ சொன்னார்கள். எருமை, "இழுக்கணும்னு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் குட்டைக்குள் படுத்துக்கொண்டது.

ஒரு வருஷம் கழித்து முள்ளம்பன்றி அக்கா வாரைத் தடவித் தடவிப் பார்த்தாள். "தேய்ஞ்சிருக்கும், புதுசு தைக்கலாம்னு வந்தேன். தைச்ச அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கே! கரடியண்ணன் மாட்டுறதே இல்லையா?"

"ஒவ்வொரு மரத்தடியிலும் மாட்டுறாரு அக்கா" என்று சொல்லிவிட்டு, செவலை புல்லைக் கடித்தது.

நீதி: ஓடத் தெரிந்தவனை ஊர் மெச்சும், நிற்கத் தெரிந்தவனைத்தான் நம்பி ஏறும்.