இருபத்தைந்து விநாடி இருட்டு

அன்று பிற்பகல் வாணத்திடலில் இருந்தவர்கள் நால்வர். பூங்காவின் வாணவேடிக்கையை நடத்தும் சண்முகக்கனி, அவரிடம் மூன்றாண்டுகளாகத் தொழில் பயிலும் திருவேங்கடம், ஒலிபெருக்கிகளைக் கவனிக்கும் அன்சாரி, மேலாளர் பிரபாகர். ஐந்தாவதாக நறுமுகை. திருவேங்கடத்தின் மகள். பதினொரு வயதில், சென்ற தீபாவளிக்கு மறுநாள் இறந்தவள். அவளையும் வந்தவர்களோடு சேர்த்து எண்ணுவதா, வேண்டாமா என்பதே அன்று தீர்க்கப்பட வேண்டியிருந்தது.

கேளிக்கைப் பூங்கா மலையடிவாரத்தில் இருந்தது. நடுவில் வெட்டிய ஏரி. ஒரு கரையில் மக்கள் அமரும் படிகள், எதிர்க்கரையில் திடல். திடலுக்குள் நுழைகிறவர் யாராயினும் கைப்பேசியை வாயிற்பெட்டியில் போட வேண்டும். செப்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து உடம்பின் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். மேலாளருக்கும் அதில் விலக்கில்லை.

சண்முகக்கனிக்கு வயது நாற்பத்தாறு. திருவேங்கடத்துக்கு ஐம்பத்துமூன்று. நாடகக் குழு ஒன்றுக்கு எழுதிவந்தவர், குழு கலைந்த பின் வாணவேடிக்கைக்குக் கதை எழுதித்தர வந்தார். வந்த இடத்தில் வாணத்தின்மேல் ஆசை வைத்து, தம்மினும் இளையவருக்குச் சீடரானார். ஆயினும் 'அக்கா' என்றே அழைத்தார். தொழிலில் மூப்பு வேறு கணக்கு.

மாலை ஏழரைக்கு வேடிக்கை. இரண்டாம் அடுக்கு வாணங்கள் வெடித்ததும் புகை வானத்தில் தேங்கிவிடும். அதற்குள் அடுத்ததை விட்டால் பூ தெரியாது, வெறும் சிவப்புத்தான் தெரியும். ஆகவே புகை விலக இருபத்தைந்து விநாடி வானத்தை இருட்டாக விடுவது சண்முகக்கனியின் முறை. அந்த இருட்டில்தான் ஒலிபெருக்கி கதை சொல்லும். ஏரியில் விளக்கைத் தொலைத்த ஒரு சிறுமிக்கு நட்சத்திரங்கள் அதைத் தேடித் தருகின்றன. திருவேங்கடம் எழுதிய கதை.

"கதையில சத்து இல்லைன்னு பாக்க வர்றவங்க எழுதிவச்சிட்டுப் போறாங்க சார்," என்றார் பிரபாகர் திருவேங்கடத்திடம். "உண்மைக் கதையா இருந்தா மனசுல நிக்குமாம். நான் கேக்கக் கூடாதுதான். நானும் பொண்ணு பெத்தவன். உங்க பாப்பா கதையையே சொன்னா என்ன? படத்தை, ஏரித் தண்ணியைப் பீச்சி எழுப்புற நீர்த்திரையில காட்டலாம். உங்க குரல்லயே இருக்கட்டும். இன்னைக்கு முடிவு பண்ணிட்டா நாளையிலேருந்து போட்டுடலாம்."

திருவேங்கடத்துக்குக் கோபம் வரவில்லை. அந்த எண்ணம் அவருக்கே பல நாளாக இருந்தது. வீட்டில் மகளின் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவள் பள்ளிப் பையை மனைவி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயருக்கு வீட்டில் இடமே இல்லாமற் போயிற்று. இங்கே நாள்தோறும் மூவாயிரம் பேர் கேட்பார்கள். மூவாயிரம் பேர் கேட்கிற பெயர் எங்கே போய்விடும்?

சண்முகக்கனி மண்டியிட்டு, வாணம் விடும் குழாயைச் சுற்றி மணலை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வாணவேடிக்கைக்கு உண்மையான கதை வேணுமா?" என்று கேட்டார் திருவேங்கடம்.

"யாருக்கு வேணுமாம்?"

"மக்களுக்கு."

"மக்களுக்குச் சோளப்பொரி வேணும். நீங்க யாருக்குக் கேக்குறீங்க, எழுத்தாளரே?"

அன்சாரி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதென்று உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குத்தான்," என்றார் திருவேங்கடம்.

சண்முகக்கனி அடுத்த குழாய்க்கு நகர்ந்தார். அது திருவேங்கடத்தைச் சுட்டது. சொல்லக் கூடாததைச் சொன்னார்.

"உங்க தம்பி நெருப்புலதானே போனாரு. ஒரு நாளாவது அவர் பேரைச் சொல்லியிருக்கலாமே அக்கா. ஏன் சொல்லலை?"

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாணத் தொழிற்கூடத்தில் நடந்தது அது. அதைப்பற்றி அவரிடம் ஒருவரும் பேசியதில்லை. அன்சாரி கம்பியைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"தினம் முதல்ல ஒரு வெள்ளை வாணம் தனியாப் போகுதே, எதுக்கு?" என்று கேட்டார் சண்முகக்கனி.

"காத்து எந்தப் பக்கம்னு பாக்க."

"அது அவனுக்கு. காத்தும் பாத்துக்குறேன்."

"பேரைச் சொல்லி விட்டா என்ன?"

"சொன்னா அன்னைக்குக் காத்தைப் பாக்க மாட்டேன்."

அவர் எழுந்து கைமணலைத் தட்டினார்.

"சரி. இருட்டு இருபத்தஞ்சு விநாடி. சொல்லிப் பாருங்க. அன்சாரி, கடிகாரத்தை எடு."

ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பார்க்கும் பழைய கடிகாரம் ஒன்று அன்சாரியின் கழுத்தில் தொங்கியது. அதை அழுத்தினான்.

"பேரு நறுமுகை," என்று தொடங்கினார் திருவேங்கடம். "டெங்கு. ஆஸ்பத்திரியில நாலாவது மாடி. ஜன்னல் சாத்தியிருந்துச்சு. தீபாவளி ராத்திரி. வெளிய வெடிச் சத்தம். கண்ணைத் திறக்காமலே, 'அப்பா, அது உங்க வெடியா?'ன்னு கேட்டா. இந்தப் பூங்கா அங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். அது யாரோ தெருவுல விட்டது. நான்... 'ம்'ன்னேன்."

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்:

"வெறும் 'ம்'தான். அவ கையில ஊசி போட்டு ஒட்டியிருந்தாங்க. அந்தப் பிளாஸ்திரியைப் பாத்துக்கிட்டே சொன்னேன். அவ முகத்தைப் பாத்துச் சொல்லலை."

பிரபாகர் ஏரியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்சாரி முழங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"எவ்வளவு?" என்றார் சண்முகக்கனி.

"நிறுத்த மறந்துட்டேன் அக்கா."

"மறுபடி."

மறுமுறை நாற்பத்தொரு விநாடி ஆயிற்று. திருவேங்கடம் பிரபாகரிடம் தாளும் பென்சிலும் வாங்கி எழுதிக்கொண்டார். நாலாவது மாடியை அடித்தார். ஜன்னலை அடித்தார்.

மூன்றாம் முறை சொல்லும்போது, முப்பத்தெட்டு கிலோமீட்டர் எதற்கு, கேட்பவருக்கு அது வேண்டாதது என்று அவருக்கே பட்டது. தூரம் போனதும் தெருவில் வெடி விட்ட அந்த யாரோவுக்கும் இடமில்லை. ஆளும் போனான். கதை எவ்வளவு இலகுவாக நகர்கிறது என்று அவர் வியந்தார். நாடகம் எழுதிய கை. எங்கே வெட்ட வேண்டுமென்று அதற்குத் தெரிந்திருந்தது.

"சார், ஒண்ணு சொல்லலாமா?" என்றான் அன்சாரி. இப்போது அவன் கண் கடிகார முள்ளில் இருந்தது. "'ம்'ங்கிறது ஏரி தாண்டிக் கேக்காது. காத்துல போயிடும்."

"ஆமாம்," என்றார் திருவேங்கடம்.

"ரெண்டு சொல்லா இருந்தா நல்லது. கொஞ்சம் பாசமா," என்றார் பிரபாகர்.

திருவேங்கடம் பென்சிலை உதட்டில் வைத்து யோசித்தார். 'ஆமா நறு' என்று எழுதினார். பெயர் ஏற்கெனவே ஒரு முறை வந்துவிட்டது. அதை அடித்துவிட்டு வேறு எழுதினார்: 'ஆமாடி தங்கம், அப்பா உனக்காக விட்டது.' மகளை அவர் ஒரு நாளும் தங்கம் என்று அழைத்ததில்லை.

ஒவ்வொரு முறையும் சண்முகக்கனி ஒரே சொல்தான் சொன்னார்.

"மறுபடி."

ஐந்தாம் முறை இருபத்தெட்டு. ஆறாம் முறை இருபத்துமூன்று. இரண்டு விநாடி மிஞ்சியது. மகளின் கேள்விக்கும் தம் பதிலுக்கும் நடுவே அந்த இரண்டு விநாடியை மௌனமாக வைத்தால் சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்று அவர் அறிந்திருந்தார். மேடையில் எத்தனையோ முறை செய்திருக்கிறார்.

ஏழாம் முறை தாளைப் பார்க்கவில்லை. குரல் தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. "அப்பா உனக்காக விட்டது" என்று முடிகையில், உடைந்தும் உடையாமலும் மேலெழுந்தது.

"இருபத்தஞ்சு!" அன்சாரி கடிகாரத்தை உயர்த்திக் காட்டினான். "துல்லியம் சார்!"

பிரபாகரின் கண்கள் கலங்கியிருந்தன. கை தட்டினார். "ஒரு எழுத்துகூட மாத்த வேணாம். இப்படியே பதிவு பண்ணிடலாம். அழாம ஒருத்தர் வீட்டுக்குப் போக மாட்டாங்க."

ஓராண்டாக அறியாத ஒரு மகிழ்ச்சி திருவேங்கடத்தின் மார்பில் ஏறியது. திரை விழும்போது வருமே, அது. அதே முகத்தோடு குருவின் பக்கம் திரும்பினார்.

"எப்படி இருந்துச்சு அக்கா?"

"நல்லா இருந்துச்சு," என்றார் சண்முகக்கனி.

"அப்போ, உண்மைக் கதை வேணும்தானே?"

சண்முகக்கனி தண்ணீர்ச் செம்பை எடுத்து இரண்டு வாய் குடித்தார். பிறகு, மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில, உங்க வெடியான்னு அவ கேட்டப்போ, நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாடி தங்கம், அப்பா உனக்காக விட்டது," என்றார் திருவேங்கடம், உடனே. குரல் தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்தது.

எதிர்க்கரையில் யாரோ படிகளைக் கூட்டும் ஓசை தண்ணீரின்மேல் வந்தது.

"முதல் தடவை 'ம்'னு சொன்னீங்க," என்றார் சண்முகக்கனி.

திருவேங்கடம் வாயைத் திறந்தார். அந்த 'ம்' எப்படி ஒலித்தது என்று தேடிப் பார்ப்பவர்போல் உதடுகளைச் சேர்த்தார். ஓசை எழவில்லை. பென்சிலைப் பிரபாகரிடம் நீட்டினார். தாள் மணலில் கிடந்தது, அதை எடுக்கவில்லை. குழாய்களுக்கு நடுவே கால் பார்த்து வைத்து, வாயிலைக் கடந்து வெளியே நடந்தார்.