பூஞ்சையம்மன்

பூக்காரி அஞ்சலை குடியிருந்த கீழ் போர்ஷனில் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனர் சபாநாயகம், ஓய்வுபெற்ற தாசில்தார், இறங்கி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

"ஈரத்துணியை உள்ள காயப்போட்டா இப்படித்தான். என் வீட்டுல ஒரு சொட்டு ஒழுக்கு கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள சுவர் பளிச்சுனு இருக்கணும். இல்லேன்னா காலி பண்ணு!"

அஞ்சலை தேய்க்கத் தேய்க்க, பூஞ்சை மறுநாளே திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் தேய்க்கவில்லை. பூஞ்சைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, விற்காத கதம்பத்தைச் சாத்தி, சூடம் ஏற்றினாள்.

சபாநாயகம் வந்தபோது வாசலில் தெருவே கூடியிருந்தது. ஒருவர் உண்டியல் வாங்கப் போயிருந்தார். இன்னொருவர் ஆடிக்குக் கூழ் ஊற்ற மொட்டைமாடியை அளந்துகொண்டிருந்தார்.

"அம்மன் தானா வந்திருக்கா சார்," என்றாள் அஞ்சலை பயபக்தியாக. "ஒழுக்கே இல்லாத வீட்டுல இது வேற எப்படி வரும்?"

கோயிலாகிவிட்ட இடம் திரும்பக் கைக்கு வராது என்பது தாசில்தாருக்குத் தெரியாதா?

"அம்மனும் இல்ல, ஆத்தாளும் இல்ல!" என்று அலறினார். "என் பாத்ரூம் குழாய் மூணு வருஷமா ஒழுகுதுய்யா!"

கூட்டம் கலைந்தது. அஞ்சலை சூடத்தை வாயால் ஊதி அணைத்தாள். மாலையை மட்டும் கழற்றவில்லை.

"கொத்தனார் வர்ற வரைக்கும் இது இருக்கட்டும் சார்."