வாசற்படி போன ஊர்

பனையோலையில் எழுதிப் பனையோலையிலேயே படித்து வந்த முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. அரண்மனையில் பூட்டிக் கிடந்த ஏடுகளை எல்லாம் வெளியே எடுத்து, கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் கட்டி அதில் அடுக்கச் சொன்னார். நாட்டில் யார் வேண்டுமானாலும் வரலாம், படிக்கலாம், வேண்டிய ஏட்டை வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று பறை அறைவித்தார்.

ஊர் திரண்டு வந்தது. உழவன் மழைக்குறி ஏடு கேட்டான். கல்யாணம் பேசப் போகிறவன் பொருத்தம் பார்க்கும் ஏடு கேட்டான். எழுத்துத் தெரியாதவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். தெரிந்தவர்கள் அவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். மண்டபம் சந்தைபோல இரைந்தது.

அந்த இரைச்சல், சுவருக்கு அப்பால் மத்தியானத்தில் கண்ணயரும் ராஜாவின் காதில் விழுந்தது. அரசாணைகளை எழுதும் ராயசம் சேஷாசலம் அதற்காகவே காத்திருந்தவர். ஏடு என்பது கற்றவர் சொத்து, அதைக் கண்டவர் கையில் கொடுப்பதா என்று அவருக்கு மனம் பொறுக்கவில்லை. மண்டபம் கட்டலாம் என்று ராஜாவின் ஆசைக்குத் தூபம் போட்டவன் சபையின் விகடகவி மருதப்பன் என்பது அதைவிடப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, ஏட்டு மண்டபத்துக்குள் எவரும் வாய் திறக்கக்கூடாது என்று ஓர் ஆணை போதும்" என்றார் ராயசம். ராஜாவும் சரி என்றார்.

மறுநாள் எழுத்துத் தெரியாதவர்கள் எல்லாம் முகம் வாடித் திரும்பினார்கள். மருதப்பனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. காலில் சக்கரம் கட்டியவன் என்று அவன் மனைவியே சொல்வாள். அவன் மண்டபத்தை மூன்று சுற்றுச் சுற்றினான். தெருப்பக்கம் இருந்த ஜன்னலைப் பார்த்தான். ஏட்டை உள்ளே ஜன்னல் திண்டில் விரித்து வைத்து, ஓலை புரட்ட ஓர் ஆளை உள்ளே நிறுத்தினான். படிக்கிறவர் தெருவில் நின்று உள்ளே பார்த்துப் படித்தார். கேட்கிறவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

ராயசம் ஓடிப்போய்ப் புகார் சொன்னார். ராஜா மருதப்பனை அழைத்துக் கேட்டார்.

"மண்டபத்துக்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லை, மகாராஜா. ஏடு உள்ளே இருக்கிறது. வாய் தெருவில் இருக்கிறது" என்றான் மருதப்பன்.

தெருப்பக்கத்து இரைச்சல் ராஜாவின் தூக்கத்தை எட்டவும் இல்லை. அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். ராயசத்துக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ராஜா புதுக் குதிரை ஒன்று வாங்கினார். அதற்குச் சுழி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குதிரை லட்சண ஏட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஏடு இல்லை. யாரோ ஒரு வண்டிக்காரன் கொண்டுபோயிருந்தான்.

"என் ஏடு எனக்கு இல்லையா?" என்று ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்துவிட்டார்.

ராயசம் பணிவாகக் குனிந்தார். "அடியேன் அப்போதே அஞ்சினேன், மகாராஜா. இனி ஓர் ஏடுகூட மண்டபத்து வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று ஆணையிடுங்கள். ஆனால் ஏடு கேட்டு வந்தவன் அழுதுகொண்டு திரும்பினான் என்ற பழி தங்களுக்கு வரலாமா? அதுவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேர நடத்த வல்ல புத்திசாலி நம் சபையில் மருதப்பன் ஒருவன்தான். மண்டபத்தை அவனிடமே ஒப்படையுங்கள்."

கோபத்தில் இருந்த ராஜா அதை அப்படியே சொன்னார். "மருதப்பா, இன்றுமுதல் மண்டபம் உன் பொறுப்பு. ஓர் ஏடும் வாசற்படியைத் தாண்டக்கூடாது. தேவை என்று வந்த ஒருவரும் வெறுங்கையோடு போகக்கூடாது. இரண்டில் எது தவறினாலும் உன் தலை கழுத்தில் இராது."

"உத்தரவு, மகாராஜா" என்றான் மருதப்பன். வாய் சொல்லிவிட்டது. எப்படி நடத்துவது என்றுதான் தெரியவில்லை.

நான்கு நாள் எப்படியோ ஓடியது. வந்தவர்களை உட்கார வைத்துப் படிக்கச் செய்தான். வேண்டிய பகுதியைப் பிரதி எழுதிக் கொடுத்தான். ஐந்தாம் நாள் பொழுது விடிந்ததும், புழுதி படிந்த காலோடு ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கொடிக்காட்டூர் மருத்துவச்சி, பெயர் உடையாள்.

"ஐயா, எங்க ஊர்ல கக்கலும் கழிச்சலும் வந்திருச்சு. ரெண்டு பேரைக் கொண்டுபோய்ப் பொதைச்சாச்சு. இன்னும் முப்பது பேரு கெடக்காங்க. கழிச்சல் சிகிச்சைன்னு ஒரு ஏடு இங்க இருக்காமே, எங்கப்பா சொல்லுவாரு. அதைக் குடுங்க, ஓடிருதேன்" என்றாள்.

ஏடு இருந்தது. இருநூற்றுப் பத்து ஓலை.

"உக்காந்து படிச்சுட்டுப் போங்கம்மா" என்றான் மருதப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"படிச்சு என்ன செய்ய? ஒவ்வொரு ஒடம்புக்கு ஒவ்வொரு மருந்து சொல்லியிருக்கு. நாடியப் பாத்து, நாக்கப் பாத்து, அப்புறம் ஓலையப் பெரட்டணும். மனசுல வச்சுக்கிட்டுத் தப்பா ஒண்ணக் குடுத்துட்டா?"

"பிரதி எழுதித் தாரேன்."

"எத்தனை நாளாகும்?"

மருதப்பன் விரல்விட்டுப் பார்த்தான். "நாலு பேரு ஒக்காந்தா எட்டு நாள்."

உடையாள் அழவில்லை. அப்படியே தரையில் குந்தி, "எட்டு நாளு கழிச்சுக் கொண்டுபோனா யாருக்குப் படிச்சுக் காட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

மருதப்பனால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உள்ளே போனான், வெளியே வந்தான். ஏட்டைக் கொடுத்தால் தலை போகும். கொடுக்காவிட்டாலும் போகும். அதுவும் போகட்டும்; முப்பது பேர் கிடக்கிறார்களே! மறுபடி உள்ளே போனான், மறுபடி வெளியே வந்தான். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அவசரத்தில் கால் பெருவிரல் வாசற்படியில் மோதியது. வலியில் ஒற்றைக் காலில் குதித்தவன், குதித்தபடியே நின்று குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தான். நாலு முழ நீளத்தில் ஒற்றைக் கருங்கல்.

"அம்மா, எங்கயும் போயிராதீங்க!" என்று கத்திவிட்டுக் கோட்டை மதில் வேலை நடந்த இடத்துக்கு ஓடினான்.

ஒரு நாழிகைக்குள் நான்கு கல்தச்சர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். படியைப் பெயர்த்தார்கள். இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஏற்றினார்கள். வண்டி வாசலைவிட்டுப் பத்தடி நகர்ந்த பிறகுதான் மருதப்பன் ஏட்டைப் பட்டுத்துணியில் சுற்றி உடையாள் கையில் கொடுத்தான்.

"படி முன்னால போகும். நீங்க பின்னால வரணும். என்ன ஆனாலும் வண்டியத் தாண்டிராதீங்க, தாயி. ஏடு படியைத் தாண்டினா என் தலை போச்சு."

கொடிக்காட்டூர் ஒன்றரைக் காதத் தொலைவு. மாட்டின் நடை உடையாளின் நடையில் பாதி. அவள் வேகமாக எட்டு வைத்து வண்டிச் சக்கரத்தை நெருங்குவாள். மருதப்பன் கையை விரித்துக் குறுக்கே பாய்வான்.

"விடுங்கய்யா, நான் முன்னால ஓடுதேன்!"

"நீங்க ஓடுனா நான் தலையில்லாம நடக்கணும்மா."

"அப்ப மாட்டை ஓட்டச் சொல்லுங்க!"

"ஏம்ப்பா, ஓட்டேன்!" என்று மருதப்பன் வண்டிக்காரனிடம் கெஞ்சுவான். "கல்லா இது, மலைங்க" என்பான் வண்டிக்காரன். ஓடைச் சேற்றில் சக்கரம் புதைந்தபோது மருதப்பன் தலைப்பாகையை இடுப்பில் கட்டிக்கொண்டு, சக்கரத்துக்குத் தோள் கொடுத்துத் தள்ளினான். உடையாள் ஏட்டை மார்போடு அணைத்தபடி, இரண்டு முழம் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் வந்தது. வண்டி நேரே ஊருக்குள் நுழைந்து, தெருவெல்லாம் கடந்து, மறுகோடியில் கடைசி வீட்டுக்கும் அப்பால் போய்த்தான் நின்றது. கல்லை அங்கே இறக்கினார்கள். ஊர் முழுவதும் இப்போது படிக்கு இந்தப் பக்கம்!

உடையாள் முதல் வீட்டிலேயே புகுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மருதப்பன் செய்தது விகடம் எதுவும் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தான். அவள் ஓலையைப் புரட்டி என்ன பட்டை, என்ன வேர் என்று சொன்னாளோ, அதை இடித்தான். வீடு வீடாகக் கஷாயம் கொண்டு ஓடினான். மறுநாள் காலையில் ஒரு கிழவர் இறந்துபோனார். அவரைத் தூக்கிப் போகவும் தோள் கொடுத்துவிட்டு வந்து, மறுபடி அடுப்பை ஊதினான். மூன்றாம் நாள் பலபலவென்று விடிந்தபோது ஏழெட்டுப் பேர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்கள். அதன்பிறகு ஊரில் சாவு விழவில்லை.

அன்று மத்தியானம் குதிரைகள் வந்தன. ராஜாவும் ராயசமும் பத்துச் சேவகர்களும். ராயசத்தின் ஒரு காலில் துணிக்கட்டு இருந்தது; மண்டபத்தைச் சோதிக்க ஆவலாகப் போனவர், படி இருந்த பள்ளத்தில் காலை விட்டுவிட்டார்.

"பார்த்தீர்களா, மகாராஜா! அதோ அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது ஏடு!" என்று இறங்குமுன்பே கூவினார்.

ராஜாவின் கண் சிவந்திருந்தது. "மருதப்பா, என் ஆணை என்ன?"

"ஓர் ஏடும் மண்டபத்து வாசற்படியைத் தாண்டக்கூடாது, மகாராஜா. தாண்டவில்லை. படி அதோ இருக்கிறது. ஏடு இங்கே இருக்கிறது."

ராஜா திரும்பிக் கல்லைப் பார்த்தார். சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார்.

"பிதற்றல்!" என்றார் ராயசம். "பெயர்த்தெடுத்த பிறகு அது வாசற்படி அல்ல. வெறும் கல்."

"ராயசம் அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று கைகூப்பினான் மருதப்பன். "அது வெறும் கல் என்றால், மண்டபத்துக்கு இப்போது வாசற்படியே கிடையாது. இல்லாத படியை ஏடு எப்படித் தாண்டியிருக்கும், மகாராஜா?"

 

ராஜா உடையாள் பக்கம் திரும்பினார். "அம்மா, உண்மையைச் சொல். வழியில் ஒரு தடவையாவது வண்டியை முந்தினாயா?"

"முந்தியிருப்பேன், ராசாவே. இந்த மனுசன் விட்டால்ல! மாடு சாணி போட நின்னப்பகூட என்னையப் பின்னால நிக்க வச்சுட்டாரு. ஊரு அங்க சாகக் கெடக்கு, நான் மாட்டு வாலைப் பாத்துக்கிட்டு நிக்கேன்" என்றாள் அவள். அவளுக்குக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ராஜா சிரித்துவிட்டார். குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது, கதவோரங்களில் சாய்ந்தபடி எழுந்து நிற்க முயன்று அவரைக் கும்பிட்ட மெலிந்த முகங்களைப் பார்த்தார். மேலாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ராயசம், எழுதும். இன்றுமுதல் வேண்டியவர் ஏட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தவணை ஒரு மாதம். நோய்க்கு என்று கொண்டுபோனால், நோய் தீரும்வரை. ஒருவர் கையில் இருக்கும் ஏட்டை இன்னொருவர் கேட்டால், அவர் காத்திருக்க வேண்டும்." கொஞ்சம் தயங்கிச் சேர்த்தார். "அந்த இன்னொருவர் நானாக இருந்தாலும்."

ராயசம் எழுத்தாணியை எடுத்து எழுதினார். 

"மருதப்பா!" என்று ராஜா தம் தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்தார். "சபை நடுவே தரவேண்டிய மரியாதை. இங்கேயே தருகிறேன். வா இப்படி."

பதில் இல்லை. ஆணை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மருதப்பன் அந்தக் கருங்கல்லில் போய்ச் சாய்ந்திருந்தான். தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். காலில் காய்ந்த ஓடைச் சேறு.

"அரசர் அழைக்கும்போது தூக்கமா!" என்று ராயசம் அவனை எழுப்பப் போனார்.

ராஜா கையைக் காட்டித் தடுத்தார். தாமே நடந்து போய், சால்வையை விரித்து, கழுத்திலிருந்து கால்வரை அவனுக்குப் போர்த்தினார். குளம்புச் சத்தம் கேட்காத தூரம்வரை குதிரைகளை நடத்தியே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, அவரும் சிரித்துக்கொண்டே நடந்தார்.